‘அவளுக்கு எவ்வளவு திமிர்!’: அந்த எரிச்சலைப் பிரித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பண்டிகை நாளில் வீடே பரபரப்பாக இருக்க, ஓரகத்தி மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து முதல் பந்தியில் உட்கார்ந்துவிடுகிறாள். யாரிடமும் கேட்கவில்லை, சாக்குச் சொல்லவில்லை. அலுவலகத்தில் ஒருத்தி, “இது என் வேலை இல்லீங்க” என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டுத் தன் கணினிக்குத் திரும்பிவிடுகிறாள். பார்க்கும் உங்களுக்கு வயிறு எரிகிறது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. ராத்திரி படுக்கும்போதும் அதே காட்சி ஓடுகிறது.

எரிச்சலும் வியப்பும் ஒட்டிக்கொண்டு வரும் இந்த இரட்டை உணர்ச்சியைப் பிரித்து, அதிலிருந்து உங்களுக்கு உதவும் ஒரு செயலை எடுப்பதற்கான வழி இது. மொத்தம் சுமார் மூன்று வாரம் பிடிக்கும்: 14 நாள் குறிப்பு, ஒரு நாள் தரம் பிரிப்பு, ஒரு வாரம் செய்து பார்ப்பது.

வரிசையை மாற்றாதீர்கள். பெரும்பாலானோர் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள். “நாளையிலிருந்து நானும் அவளை மாதிரி” என்று முடிவெடுத்து, அவள் குரலையும் உடையையும் எடுத்துக்கொண்டு, மூன்றாம் நாளே சோர்ந்து, “அதெல்லாம் நமக்கு ஒத்து வராது” என்று முடித்துவிடுகிறார்கள்.

1. முன்கூட்டியே வேண்டியவை

ஒரு 40 பக்க நோட்டு, ஒரு பேனா. போனில் எழுத வேண்டாம். வீட்டில் போன் பல கை மாறும். குழந்தை விளையாட எடுக்கும், கணவர் ஓடிபி பார்க்க எடுப்பார். யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயம் இருந்தால் உண்மையை எழுத மாட்டீர்கள். நோட்டிலும் அவள் பெயர் வேண்டாம், ஒரு புள்ளியோ கோடோ போதும்.

தினமும் 10 நிமிடம். காட்சி நடந்த அன்றே எழுத வேண்டும். இரண்டு நாள் போனால் நினைவில் இருப்பது காட்சியாக இருக்காது, நீங்கள் நான்கு பேரிடம் சொல்லிச் சொல்லிச் சேர்த்த கதையாக இருக்கும்.

பேசிப் பார்க்க ஒரே ஒரு பெண். அவளுக்கும் அந்த ‘திமிர் பிடித்தவளுக்கும்’ அறிமுகம் இருக்கக் கூடாது. பொதுவான தோழியாக இருந்தால் அடுத்த வாரத்துக்குள் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. எதிர்த்து ஒரு சொல் சொன்னால் அடி விழும் வீட்டில் இருப்பவர்கள் 6-ஆம், 7-ஆம் படிகளை அந்த வீட்டுக்குள் செய்து பார்க்க வேண்டாம். அங்கே முதல் வேலை பாதுகாப்பு. 181 என்பது பெண்களுக்கான உதவி எண்.

2. காட்சியை எழுதுங்கள், தீர்ப்பை அல்ல

பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: நடந்தது, மனசுக்குள் வந்த சொல், உடம்பில் என்ன ஆனது.

முதல் பத்தியில் சிசிடிவி கேமராவில் பதியக்கூடியது மட்டுமே வரலாம். “எடுத்தெறிஞ்சு பேசினாள்” என்று எழுதாதீர்கள், எந்தக் கேமராவும் அதைப் பதியாது. “மேனேஜர் பேசிக்கொண்டிருக்கும்போது, ‘ஒரு நிமிஷம் சார், அந்தக் கணக்கு தப்பு’ என்றாள்” என்பது பதியும்.

இரண்டாம் பத்தியில் வந்த சொல்லை வந்தபடியே எழுதுங்கள். திமிர், கொழுப்பு, வாயாடி, அடங்காப்பிடாரி, மேனாமினுக்கி, ‘ரொம்பத்தான்’. நாகரிகம் பார்க்க வேண்டாம். எந்தச் சொல் வருகிறது என்பதே ஒரு துப்பு: ‘வாயாடி’ என்று வந்தால் விஷயம் பேச்சைப் பற்றியது, ‘மேனாமினுக்கி’ என்று வந்தால் உடம்பையும் உடையையும் பற்றியது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்திருக்கும்.

மூன்றாவது பத்தியைப் பலர் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். தொண்டை அடைத்ததா, முகம் சூடானதா, அவள் பேசும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டீர்களா? தொண்டை அடைத்த காட்சிகளைச் சேர்த்துப் பாருங்கள். பல நேரம் அவை உங்களுக்கும் அங்கே சொல்ல ஏதோ இருந்த காட்சிகளாக இருக்கும்.

14 நாளில் எட்டுக் காட்சியாவது வேண்டும். இரண்டு மூன்று காட்சியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அவளை அடிக்கடி பார்க்க வாய்ப்பில்லை என்றால் 21 நாளாக நீட்டுங்கள். பழைய காட்சிகளைத் தோண்டி எடுத்து எண்ணிக்கையை நிரப்ப வேண்டாம்.

3. மூன்று குவியலாகப் பிரியுங்கள்

பொறாமை என்ற சொல்லே பொறுக்க முடியாமையைச் சொல்வதுதான். ஆகவே ஒவ்வொரு காட்சிக்கும் ஒரே கேள்வி: இதில் எதை என்னால் பொறுக்க முடியவில்லை? பதில் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதல் குவியல், ஆசை. அவளிடம் இருப்பது எனக்கும் வேண்டும். அவள் சம்பளத்தைப் பேசி வாங்கினாள், எனக்கும் பேச வேண்டும்.

இரண்டாவது குவியல், விதி. அவளிடம் இருப்பது எனக்கு வேண்டாம்கூட. ஆனால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றிய ஒரு விதியை அவள் மீறிவிட்டாள், வானம் இடிந்து விழவில்லை.

மூன்றாவது குவியல், நட்டம். அவள் செய்ததால் என் தலையில் வேலை, செலவு அல்லது பழி விழுந்தது.

இரண்டாவது குவியலில் நிதானமாக நில்லுங்கள். அதுதான் கண்ணில் படாதது. பதினைந்து வருடமாகக் கடைசிப் பந்தியில் ஆறிய சாம்பாரோடு சாப்பிட்டவளுக்கு, நேற்று வந்தவள் முதல் பந்தியில் உட்கார்வது ஏன் எரிகிறது? சூடான சாம்பாருக்காக இல்லை. அவள் உட்கார்ந்தும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றால், இந்தப் பதினைந்து வருடமும் உட்கார்ந்திருக்கலாமே என்று ஆகிவிடுகிறது. அந்தக் கணக்கைத் தாங்குவதைவிட, அவளுக்குத் திமிர் என்று சொல்வது சுலபம். இந்தக் குவியலில் விழும் காட்சிக்குப் பக்கத்தில், ‘நான் இதற்காகக் கொடுத்தது’ என்று ஒரு வரி எழுதுங்கள். வருடமோ, வேலையோ, விட்டுக்கொடுத்த படிப்போ, என்னவோ அது. இந்த வரியை எழுதும்போது அழுகை வரலாம். நோட்டை மூடிவிட்டு மறுநாள் தொடருங்கள், தப்பில்லை.

ஒரே காட்சி இரண்டு குவியலில் விழுவதும் உண்டு. ஓரகத்தி உட்கார்ந்ததால் பரிமாற ஒரு கை குறைந்தது, அது நட்டம்தான். இங்கே ஒரு சோதனை செய்யுங்கள்: அந்தப் பந்தியில் மொத்தம் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள், அதில் பரிமாறத் தெம்புள்ளவர்கள் எத்தனை பேர்? பன்னிரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும் என்றால், பதின்மூன்று பேர் பரிமாறவில்லை. உங்கள் கண் ஒருத்தியிடம் மட்டும் போய் நின்றது. அப்படியானால் அதை நட்டக் குவியலிலிருந்து எடுத்து விதிக் குவியலில் வையுங்கள்.

இங்கே நடக்கும் பெரிய பிழை, எல்லாவற்றையும் மூன்றாவது குவியலில் தள்ளுவது. நட்டம் என்றால் எண்ணிச் சொல்ல முடிய வேண்டும். “ஒரு மணி நேர வேலை கூடியது”, “600 ரூபாய் கூடுதலாகப் போட்டேன்” என்று சொல்ல முடிந்தால் நட்டம். “மரியாதை இல்லாமல் போச்சு” என்று மட்டும் வந்தால், யாருடைய மரியாதை, எந்தச் செயலால் என்று திரும்பவும் கேளுங்கள்.

4. அதையே ஓர் ஆண் செய்திருந்தால்?

ஒவ்வொரு காட்சியிலும் அவளை எடுத்துவிட்டு, அதே வயதில் அதே பதவியில் ஓர் ஆணை வைத்துப் பாருங்கள். மனசுக்குள் என்ன சொல் வருகிறது? ‘திமிர்’ என்பது ‘கறார்’ ஆகிறதா, ‘வாயாடி’ என்பது ‘நல்லாப் பேசுவார்’ ஆகிறதா? சொல் மாறினால் அந்தக் காட்சிக்கு ஒரு நட்சத்திரம் போடுங்கள்.

நட்சத்திரம் நிறைய விழுந்தால் உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் மேடலின் ஹைல்மன் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வுகளில், ஆண்களுடையது என்று கருதப்படும் வேலையில் தெளிவாக வென்ற பெண்ணை, அதே அளவு வென்ற ஆணைவிடப் பிடிக்காதவளாக, ஆய்வில் பங்கேற்றவர்கள் மதிப்பிட்டார்கள். மதிப்பிட்டவர் ஆணா பெண்ணா என்பது முடிவை மாற்றவில்லை. பெண்ணுக்குப் பெண் எதிரி என்ற பழைய புலம்பலுக்கு அங்கே இடமில்லை, எல்லோரும் ஒரே தராசைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

இந்தச் சோதனையைக் குவியல் பிரித்த பிறகுதான் செய்ய வேண்டும். முதலிலேயே செய்தால், “எல்லாம் சமூகம் பண்ணுவது” என்று ஒரே வீச்சில் கழுவிவிட்டு, உண்மையான நட்டங்களையும் சேர்த்து விழுங்கிவிடுவீர்கள்.

5. அவள் எதன் மேல் நிற்கிறாள் என்று கணக்கெடுங்கள்

அவள் தைரியம் வெறும் மனசு அல்ல. அதற்குக் கீழே பலகை இருக்கிறது. அதைப் பட்டியலிடுங்கள்: தன் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு, கூப்பிடு தூரத்தில் பிறந்த வீடு, வேலை போனால் இன்னொரு வேலை கிடைக்கும் படிப்பு, பக்கத்தில் நிற்கும் கணவர், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், பணிமூப்பு, சாதியும் பணமும் தரும் பாதுகாப்பு. இவற்றோடு ஒன்றையும் மறக்காதீர்கள்: நாலு பேருக்குத் தன்னைப் பிடிக்காமல் போவதைத் தாங்கும் பழக்கம். அதுவும் ஒரு பலகை, அதையும் அவள் விலை கொடுத்துத்தான் வாங்கியிருப்பாள்.

இப்போது ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுதுங்கள்: எனக்கு இருக்கிறது / ஒரு வருடத்தில் உண்டாக்கலாம் / எனக்குக் கிடைக்காது.

“அவளால முடியுது, உன்னால முடியாதா?” என்ற பேச்சு உடைவது இங்கேதான். முடியாததற்குக் காரணம் பல நேரம் கோழைத்தனம் இல்லை, பலகை இல்லாததுதான். அதே சமயம் எதிர்ப்பக்கமும் ஒரு பிழை உண்டு: “அவளுக்கென்ன, எல்லாம் இருக்கு” என்று பட்டியலை மூடிவிடுவது. ‘ஒரு வருடத்தில் உண்டாக்கலாம்’ என்ற கட்டம் காலியாக இருந்தால் நீங்கள் அவசரப்பட்டிருக்கிறீர்கள். சொந்தப் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு திறக்க ஒரு வருடம் வேண்டாம், ஒரு மத்தியானம் போதும்.

6. ஒரே ஒரு செயலை எடுத்து, விலை குறைந்த இடத்தில் தொடங்குங்கள்

முதல் இரண்டு குவியலிலிருந்து ஒரே ஒரு செயலைத் தேர்ந்தெடுங்கள். ‘துணிச்சல்’ என்று எழுதினால் அது செயல் இல்லை. ‘பேச்சை இடையில் வெட்டினால் முடித்துவிட்டுத்தான் நிறுத்துவது’, ‘காரணம் சொல்லாமல் மறுப்பது’, ‘சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது’ இவை செயல்.

செய்யும் இடத்தின் வரிசை முக்கியம். உறவு கெட்டாலும் நட்டமில்லாத இடம் முதலில், வீடு கடைசியில்.

முதல் இரண்டு நாள், திரும்பப் பார்க்காத ஆட்கள். தையல் கடையில், “கை அளவு சரியில்லைங்க, பிரிச்சுத் தைச்சுக் கொடுங்க.” காய்கறிக் கடையில், “இந்தத் தக்காளி வேண்டாம், மாத்திக் கொடுங்க.”

மூன்றாம் நான்காம் நாள், அரைகுறைப் பழக்கம். பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஆண்டு விழா வேலைக்கு ஆள் கேட்டால், “இந்தத் தடவை என்னால முடியாது.” அதோடு நிறுத்துங்கள்.

ஐந்தாம் ஆறாம் நாள், அலுவலகம். இடையில் வெட்டினால், “முடிச்சிடறேன் சார், ரெண்டு வரிதான்.”

ஏழாம் நாள் வேண்டுமானால் வீடு. அந்த வாரம் வீட்டில் விசேஷமோ நோயோ இருந்தால் தள்ளிப்போடுங்கள். பதினைந்து வருடப் பழக்கத்தைப் பொங்கலன்று, உறவு மொத்தமும் கூடியிருக்கையில் முதன்முதலாக உடைப்பது நாடகமாகத்தான் முடியும். சாதாரண ஞாயிற்றுக்கிழமை போதும்.

7. வாக்கியத்தை முன்பே செதுக்கி வையுங்கள்

அந்த நேரத்தில் வாயில் வருவது பழைய வாக்கியம்தான். ஆகவே எழுதி, வாய்விட்டுப் பத்துத் தடவை சொல்லிப் பாருங்கள். மனசுக்குள் சொன்னால் எண்ணிக்கையில் சேராது.

தமிழில் மன்னிப்பு ‘சாரி’ என்ற சொல்லில் மட்டும் இல்லை. அது ஒளிந்திருக்கும் இடங்கள் மூன்று.

வாக்கியத்தின் தலையில்: “தப்பா நினைச்சுக்காதீங்க”, “சும்மா ஒரு டவுட்டு”, “எனக்குச் சரியாத் தெரியல, ஆனா…” இவற்றை வெட்டுங்கள்.

வினையின் வாலில்: “உட்காரட்டுமா?”, “நான் கிளம்பலாமா?”, “அனுப்பிடவா?” இந்த வால் ஒட்டியவுடன் நீங்கள் சொல்ல வந்தது அனுமதி கேட்பதாக மாறிவிடுகிறது. “உட்கார்றேன்”, “கிளம்புறேன்”, “அனுப்பிடறேன்” போதும். இந்த ஒரு மாற்றத்தை மட்டும் செய்தாலே பாதி வேலை முடிந்தது.

காரணத்தில்: “முடியாது” என்றதோடு நிற்காமல், “தலைவலி”, “பையனுக்குப் பரீட்சை” என்று சேர்ப்பது. காரணம் சொன்னால் எதிரே இருப்பவர் அதைத் தீர்த்துவைப்பார்: “மாத்திரை தரேன்”, “பையனை எங்க வீட்டில் விடு.” பொய்க் காரணம் என்றால் அடுத்த தடவையும் உங்களுக்குத் தலை வலித்தாக வேண்டும்.

வெட்டக் கூடாதது மரியாதை. ‘ங்க’ இருக்கட்டும், முறை வைத்துக் கூப்பிடுவது இருக்கட்டும். “அத்தை, நான் இந்தப் பந்தியிலேயே உட்கார்ந்துடறேன். அடுத்த பந்திக்கு நான் பரிமாறுறேன்.” இதில் பணிவும் இருக்கிறது, அனுமதி கேட்பதும் இல்லை. மன்னிப்புக் கேட்காமல் இருப்பதற்கும் மட்டுமரியாதை இல்லாமல் இருப்பதற்கும் வித்தியாசம் தெரியாமல் குரலை உயர்த்துபவர்கள்தான் இந்தப் படியில் அதிகம் சறுக்குகிறார்கள். குரலை ஒரு படி தாழ்த்தியே சொல்லுங்கள், நடுக்கமும் குறையும்.

உண்மையில் தப்புச் செய்தால் மன்னிப்பை முழுதாகக் கேளுங்கள். காரீனா ஷூமன், மைக்கேல் ராஸ் இருவரும் கனடாவில் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், பெண்கள் அதிகம் மன்னிப்புக் கேட்பதற்குக் காரணம், மன்னிப்புக் கேட்க வேண்டிய தப்பு என்று எதை எண்ணுகிறார்கள் என்பதில் இருக்கும் வேறுபாடு என்று கண்டார்கள். தப்பு என்று எண்ணிய பிறகு ஆண்களும் அதே விகிதத்தில் கேட்கிறார்கள். ஆகவே நாக்கை மட்டும் அடக்கிப் பயனில்லை. “இது தப்பா?” என்ற கேள்வியை வாயைத் திறப்பதற்கு முன் கேட்டுப் பழக வேண்டும்.

8. அடுத்த 48 மணி நேரம்

செய்து முடித்த அன்று ராத்திரி குற்ற உணர்ச்சி வரும். “ரொம்பப் பேசிட்டேனோ?” இது நீங்கள் தப்புச் செய்ததற்கு அடையாளம் இல்லை, பழக்கம் இழுக்கிறது.

அந்த நேரத்தில் செய்யக் கூடாதவை: “சாரிக்கா, டென்ஷன்ல சொல்லிட்டேன்” என்று மெசேஜ் அனுப்புவது, மறுநாள் இரண்டு மடங்கு வேலை செய்து ஈடுகட்டுவது, மாமியாருக்குப் பிடித்த பலகாரம் செய்து சமாதானம் வாங்குவது. ஈடு கட்டினால் நடந்தது கோபத்தில் செய்தது என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகிறது. 48 மணி நேரம் ஒன்றும் செய்யாமல் இருங்கள். அதற்குப் பிறகும் யாரையாவது புண்படுத்தியதாகத் தோன்றினால், எந்தச் சொல் என்று குறிப்பிட்டு அந்தச் சொல்லுக்கு மட்டும் வருத்தம் சொல்லுங்கள்.

நோட்டில் இரண்டு வரி: என்ன நடக்கும் என்று பயந்தேன், என்ன நடந்தது.

9. அவளிடம் பேசுவது

வியப்பைச் சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சொல்லுங்கள். “நீங்க ரொம்ப போல்டுங்க” என்று மட்டும் வேண்டாம். இந்தப் பெண்கள் அதை ஆயிரம் தடவை கேட்டிருப்பார்கள், பாதி நேரம் திட்டாகவே கேட்டிருப்பார்கள். செயலைச் சொல்லுங்கள்: “அன்னைக்கு மீட்டிங்கில் அந்தக் கணக்கை நிறுத்திக் கேட்டீங்களே, அதனால எங்க டீம் தப்பும் அப்பவே தெரிஞ்சுது.”

“எப்படி உங்களுக்கு இவ்வளவு தைரியம்?” என்ற கேள்விக்குப் பயனுள்ள பதில் வராது. “முதல் தடவை அப்படிச் சொன்னப்போ என்ன ஆச்சு?” என்று கேளுங்கள். எந்த இடத்தில் அடி வாங்கினாள், யார் பேசாமல் போனார்கள், அடுத்த தடவை எதை மாற்றினாள் என்று அப்போதுதான் வரும். ஐந்தாம் படிப் பட்டியலில் நீங்கள் யூகித்தது எவ்வளவு சரி என்பதும் தெரியும்.

வியப்பு என்ற பெயரில் நடக்கும் ஒரு மோசம் உண்டு. “நீங்கதான் நல்லாப் பேசுவீங்க, எல்லாருக்கும் சேர்த்து லீவு நீங்களே கேட்டுடுங்க.” அவள் கேட்பாள். கெட்ட பெயர் அவளுக்கு, லீவு எல்லோருக்கும். பிறகு அவளைப் பற்றி மேலிடம் முணுமுணுக்கும்போது அறையில் ஒரு குரலும் இருக்காது. அவள் கேட்ட கூட்டத்தில், “எனக்கும் அதே கருத்துதான்” என்று ஒரு வரி சொல்ல முடியாவிட்டால் அவளைப் பேசச் சொல்லாதீர்கள்.

முதுகுக்குப் பின்னால் பேச்சு வந்தால் அவளுக்காக வாதாட வேண்டியதில்லை. “அவளுக்குத் திமிர்டீ” என்று யாராவது ஆரம்பித்தால், “என்ன செஞ்சா?” என்று மட்டும் கேளுங்கள். கேமராவில் பதியக்கூடிய பதில் வந்தால் பேச்சு நடக்கும். வராவிட்டால் தானே அடங்கிவிடும்.

10. மூன்றாவது குவியலில் எஞ்சியது

எல்லா எரிச்சலும் பொறாமை இல்லை. தன்னம்பிக்கை உள்ளவளும் அடுத்தவள் தலையில் வேலையைத் தள்ளலாம், இளையவளை மட்டம் தட்டலாம், அடுத்தவர் உழைப்பில் தன் பெயரைப் போடலாம். “உனக்குப் பொறாமை” என்று சொல்லி உங்கள் வாயை அடைக்க விடாதீர்கள்.

இந்தக் குவியலை நேரில், தனியாக, ஒரு காட்சியை மட்டும் வைத்துப் பேசுங்கள்: “வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்டை முடிக்காமலேயே கிளம்பிட்டீங்க. நான் எட்டரை வரைக்கும் உட்கார்ந்தேன். அடுத்த தடவை மதியமே சொல்லிடுங்க.” நேரம், நட்டம், கேட்பது, மூன்றும் இருக்க வேண்டும். “நீங்க எப்பவுமே இப்படித்தான்” என்று குணத்தைத் தொட்டால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும்.

நேராகப் பேசுபவளிடம் நேராகப் பேசுவது பெரும்பாலும் நீங்கள் பயந்த அளவுக்குக் கடினமாக இருப்பதில்லை.

11. நோட்டை என்ன செய்வது

மூன்றாம் வாரக் கடைசியில் நோட்டை முதல் பக்கத்திலிருந்து ஒரு தடவை படியுங்கள். செய்து பார்த்த செயல் எத்தனை தடவை நடந்தது என்று எண்ணுங்கள். மூன்றுக்குக் கீழே இருந்தால் இன்னும் ஒரு வாரம் அதே செயல், புதியது வேண்டாம்.

எரிச்சல் அவளை விட்டு இன்னொருத்தியிடம் தாவியிருந்தால் புதிய பக்கத்தில் இரண்டாம் படியிலிருந்து தொடங்குங்கள். இந்த முறை எட்டுக் காட்சி வேண்டாம், நான்கு போதும். உங்கள் சொல் எது என்று ஏற்கெனவே தெரியும்.

பிறகு, செதுக்கிய வாக்கியங்கள் உள்ள தாளை மட்டும் கிழித்துப் பர்சில் வைத்துக்கொண்டு, மிச்சத்தை எரித்துவிடுங்கள். பழைய பேப்பர்க்காரரிடம் போடாதீர்கள். பஜ்ஜி மடித்த தாளாக அது எந்த வீட்டுக்கும் போய்ச் சேரலாம்.